வசையில்லாமல் பகடையில்லை

மூன்றாவது ஞாயிறும் அவள்தான் ஜெயித்தாள்.

“ஆறு துறைமுகத்துல நாலு என் கையில. எல்லாரும் எழுந்து நின்னு ஒரு சலாம் போட்டுட்டுக் கிளம்பலாம்,” என்றாள், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு.

“போட்டாச்சுக்கா,” என்றார் பல் டாக்டர். “என் நாற்காலியும் சேர்ந்து போட்டுச்சு.”

“அக்கா மூளையே மூளை,” என்றாள் ஜியாகிரபி மிஸ்.

“அண்ணி முன்னாடி நாங்கல்லாம் எம்மாத்திரம்,” என்றான் கொழுந்தன்.

மூன்று பேரும் மூன்று வீட்டில் இருந்தார்கள். அவள் தன் வீட்டுச் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு திரையிலும் ஒரே கடல்வரைபடம். விளையாட்டின் பெயர் ‘ஆறு துறைமுகம்’. கப்பற்படை, காலாட்படை, போர்க்காலம். ஒவ்வொரு முறையும் எட்டு நிமிடம் கிடைக்கும். அதற்குள் யாருக்கும் தெரியாமல் அவரவர் படைக்குக் கட்டளை எழுத வேண்டும். எட்டாவது நிமிடம் எல்லாருடைய கட்டளையும் ஒன்றாகத் திறக்கும். யார் யாரோடு மோதினார்கள் என்று அப்போதுதான் தெரியும். அடிக்கிறவருக்கு நான்கு பகடை, தடுக்கிறவருக்கு மூன்று. எண்களைக் கூட்டினால் யாருக்கு அதிகமோ, ஊர் அவருக்கு. பன்னிரண்டு முறை இப்படி ஓடும். நடுவில் யாராவது நான்கு துறைமுகம் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

அவள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவருக்கு எந்த ரூட், எந்த கண்டக்டருக்கு எந்த டூட்டி என்று இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறவள். கப்பல் என்ன, பஸ் என்ன? கிளம்பும் இடம், சேரும் இடம், நடுவில் ஆகும் நேரம். இந்த ஆட்டம் தனக்குக் கைவந்த கலை என்பதில் அவளுக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஜெயித்ததில்லை. இப்போது மூன்று. துக்கம் மூளையைச் சாணை பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு கப் டீ போட்டு, வெற்றிக்காக அரை ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் குடித்தாள்.

முன்பு ஐந்து பேராக விளையாடினார்கள். ஐந்தாமவர் அவள் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணைச் சோதித்து, லென்ஸ் அறுத்து, ஃப்ரேமில் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவர் முன்னறையில் உட்காருவார், அவள் சமையலறையில். வீட்டுக்குள் இருபத்தேழு வருடக் குடித்தனம். கடலுக்குள் இறங்கிவிட்டால் பரம எதிரிகள். அவருடைய பச்சைப் படை கண் திறந்ததுமே அவளுடைய நீலப் படையைத்தான் தேடும்.

அந்த ஐவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. கணினிக்குத் தெரியாத சட்டம். கட்டளைகள் திறந்து, மோதல் தெரிந்தவுடன், அடிக்கிறவர் எதிராளியைப் பார்த்து ஒரே ஒரு வரி வசை சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பகடையை உருட்டலாம். காலியாகக் கிடக்கும் ஊரைப் பிடிப்பதானாலும் வசை உண்டு. மற்றவர்கள் திரையில் ஒரு பொத்தானை அழுத்திக் கட்டைவிரலைத் தூக்குவார்கள், அல்லது கவிழ்ப்பார்கள். பாதிக்கு மேல் கவிழ்ந்தால் ஒரு பகடை குறைவு. நான்கு உருட்ட வேண்டியவர் மூன்றுதான் உருட்டலாம். கெட்ட வார்த்தை கூடாது, பழைய வசை கூடாது, மழுப்பக் கூடாது. ‘வசையில்லாமல் பகடையில்லை.’ சட்டம் போட்டவர் கண்ணாடிக் கடைக்காரர்தான்.

அவர் வசை அவளுக்கு இரண்டு முறை கேட்கும். முதலில் சுவர் வழியாக. அரை நொடி கழித்து ஹெட்போன் வழியாக. “நீலத்துக் கப்பல்படை அவங்க டிப்போ பஸ் மாதிரிதான். வரும் வரும்னு எல்லாரும் நிப்பாங்க. வந்தா நிக்காது, நின்னா கிளம்பாது.” இதற்கு அவள் சமையலறையிலிருந்து, “கண்ணாடிக்காரருக்கு என் படை கண்ணுக்கே தெரியலையாம். பவரை ஏத்திக்கிட்டு வரச் சொல்லுங்க,” என்பாள். பல் டாக்டர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் ஒரு ஃப்ரேமுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆறு மாதம் அவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. கொழுந்தன்தான் வந்து வந்து நச்சரித்தான். லிஃப்ட் மெக்கானிக். அண்ணனைவிடப் பதினோரு வயது சின்னவன், அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டவுசர் போட்டுக்கொண்டிருந்தவன். “அண்ணி, ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேர் உக்காந்து கொட்டாவி விடறோம். வாங்க,” என்றான். அவள் போனாள். பச்சையை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் கணினியையே விளையாட விட்டிருந்தார்கள்.

வந்த பிறகு மூன்று ஞாயிறு, மூன்று வெற்றி.

மறுநாள் காலை டிப்போவில் பதினாலாம் நம்பர் பஸ்ஸின் டிரிப் ஷீட் அவள் கைக்கு வந்தது. ஒரு நடைக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர் ஓட வேண்டிய வண்டி இருபத்தாறு ஓடியிருந்தது. ஒருநாள் அல்ல, நான்கு நாள். டிரைவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க இது, நடைக்கு மூணு கிலோமீட்டர் கூட வருது?”

“மார்க்கெட் ரோட்டுல டிராஃபிக் மேடம். பின்பக்கமா சுத்தி வந்தேன்.”

“காலைல அஞ்சரைக்கு டிராஃபிக்கா?”

டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “மார்க்கெட் ஸ்டாப்புல என் மாமியார் நிக்கறாங்க மேடம். போன வாரம் ஒரு வார்த்தை முன்ன பின்ன பேசிட்டேன். பாத்தா என்ன சொல்றதுன்னு தெரியல.”

முன்பென்றால் இந்தப் பதிலுக்கு அவர் மூஞ்சியில் ஷீட்டை விட்டெறிந்திருப்பாள். அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு, “சாரி மேடம், இனிமே நேர் வழியிலயே போறேன்,” என்று பூனை மாதிரி நின்றார். அவளுக்கும் சுருதி இறங்கிவிட்டது.

“வண்டி சுத்திப் போனா, நேர் வழில யாரையோ பாக்கப் பயம்னு அர்த்தம். போய் மாமியார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க,” என்று சொல்லி ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மூடும்போதுதான் பல் டாக்டரின் கப்பல்கள் ஞாபகம் வந்தன.

நேற்று டாக்டரின் கறுப்புக் கப்பல்கள் ஐந்தும் வடக்குத் துறையிலிருந்து மேற்குக் கரைக்கு வந்து சேர ஆறு முறை ஆயிற்று. நேராக வந்திருந்தால் மூன்று முறை போதும். நேர் வழியில் என்ன இருந்தது? அவளுடைய தீவு. ஒரே ஒரு காலாட்படையோடு, கேட்பாரற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். பழைய ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வசதி உண்டு. மூன்று ஆட்டத்தையும், டிரிப் ஷீட் பார்ப்பதுபோல, ஒவ்வொரு படையும் எங்கே கிளம்பி எங்கே போயிற்று என்று ஒரு தாளில் குறித்தாள். கறுப்பு சுற்றிப் போயிருந்தது. மிஸ்ஸின் மஞ்சள் சுற்றிப் போயிருந்தது. கொழுந்தனின் சிவப்பு, அவள் எல்லைவரை வந்து, வாசற்படியில் காலை வைத்துவிட்டு எடுத்ததுபோலத் திரும்பியிருந்தது. போக்கிடம் இல்லாமல் மூன்று படையும் சேர்ந்து கணினியின் பச்சையைப் போட்டு மிதித்திருந்தன. மூன்று ஆட்டத்திலும் நான்காவது முறைக்குள் பச்சை காலி.

மூன்று ஆட்டம், முப்பது சொச்சம் முறை. அவள்மேல் விழுந்த அடி பூஜ்யம். அவளை நோக்கி வந்த வசையும் பூஜ்யம். இதைத் தன் மூளை என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை வேறு கூடப் போட்டுக் குடித்திருக்கிறாள்.

அவளுக்கு வந்தது கோபம்தான். பல நாளாகக் காணாமல் போயிருந்த கோபம் என்பதால், அது வந்தது ஒரு மாதிரி நன்றாகவே இருந்தது. ஆனாலும் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகவில்லை. சந்தேகத்தின் பேரில் யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது டிப்போ பாடம்.

நான்காவது ஞாயிறு. மூன்றாவது முறையில் அவள் தன் தலைநகரமான சங்குத்துறையிலிருந்து கடைசிச் சிப்பாய்வரை வெளியே அனுப்பிவிட்டாள். கோட்டை காலி. கதவு அகலத் திறந்து கிடந்தது. அடுத்த வீட்டுப் பெருந்தீனிக்காரரைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்த மாதிரி, டாக்டரின் மூன்று காலாட்படையும் பக்கத்திலேயே நின்றன. பழைய நாளாக இருந்தால் வசை சொல்லி முடிப்பதற்குள் உள்ளே புகுந்திருப்பார்.

எட்டு நிமிடம் ஓடிற்று. கட்டளைகள் திறந்தன. டாக்டரின் மூன்று படையும் சங்குத்துறையைத் தாண்டிக் கப்பலேறிப் போய், கடலுக்கு நடுவில் மொட்டைப் பாறை என்ற ஒரு பாறையைப் பிடித்திருந்தன.

“டாக்டர்,” என்றாள்.

“சொல்லுங்கக்கா.”

“அந்தப் பாறையில என்ன இருக்கு?”

“காத்து நல்லா வரும்,” என்றார் டாக்டர்.

“மூணு படையும் சேர்ந்து காத்து வாங்கப் போச்சாக்கும்?”

மிஸ்ஸுக்கு வாய் சும்மா இருக்காது. வகுப்பில் ஒரு பிள்ளை நோட்டு எடுத்து வராவிட்டால் பதறுகிற மனசு. “அக்கா, சங்குத்துறை திறந்து கிடக்கு, ஒரு ஆள் இல்ல. மறந்துட்டீங்களா? அடுத்த முறை ரெண்டு படையாவது திருப்பி அனுப்பிடுங்க.”

“எதிரி வீட்டுக் கதவு திறந்து கிடக்குன்னு எதிரியையே கூப்பிட்டுச் சொல்ற தளபதிய இன்னிக்குத்தான் பாக்கறேன் மிஸ்,” என்றாள் அவள். “சரி. யார் ஏற்பாடு இது?”

யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறி மட்டும் கடகடவென்று கேட்டது.

“தம்பி?”

“அண்ணி…”

“நீயா?”

“நான்தான் அண்ணி,” என்றான் கொழுந்தன். “நீங்க திரும்ப வர்றதே பெரிய விஷயம். வந்த இடத்துல உங்களை அடிச்சு… வேணாம்னு தோணுச்சு. தனியா ஒரு குரூப் போட்டு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்.”

“குரூப் பேரு?”

“‘அக்கா மனசு’,” என்று மிஸ் முனகினாள்.

“அதுல என்ன எழுதியிருக்கீங்க? படி.”

“அண்ணி, அதெல்லாம் எதுக்கு—”

“படின்னா படி.”

அவன் படித்தான். “ஒண்ணு, நீலத்தை யாரும் தொடக்கூடாது. ரெண்டு, அண்ணன் பேச்சை எடுக்கக்கூடாது. மூணு, அண்ணிதான் ஜெயிக்கணும். அதுக்குக் கீழ டாக்டர் எழுதியிருக்காரு, ‘ஆனா இயல்பா இருக்கணும்’னு.”

“இயல்பா!” என்றாள் அவள். “மொட்டைப் பாறையில காத்து வாங்கறது இயல்பா டாக்டர்?”

“அவசரத்துக்கு வேற இடம் கிடைக்கலக்கா,” என்றார் டாக்டர், செத்துப்போன குரலில்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எழுந்து குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சங்கடம். பிறகு வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“நல்லா கேட்டுக்கங்க. ஒரு தடவைதான் சொல்வேன். டிப்போல ஏழு மாசமா என்கிட்ட யாரும் சண்டைக்கு வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை டூட்டி போட்டா மேசையத் தட்டுற கண்டக்டருங்க, இப்ப வாயை மூடிட்டு வாங்கிட்டுப் போறாங்க. பக்கத்து வீட்டம்மா குப்பைத் தொட்டிய என் வாசல்ல தள்ளி வைக்கறதையே விட்டுட்டாங்க. பதினஞ்சு வருஷமா தள்ளினவங்க. எங்க போனாலும் நான் வர்றதுக்கு முன்னாடியே குரலை இறக்கிக்கறாங்க. இந்த ஒரு இடந்தான் பாக்கி இருந்துச்சு. இங்கயும் நீங்க என்னைக் கண்ணாடி அலமாரியில எடுத்து வெச்சுட்டா, அப்புறம் நான் எங்க போய் உசுரோட இருக்கறது?”

மின்விசிறி நின்றது. யாரோ எழுந்து அணைத்திருக்க வேண்டும்.

“இந்த ஆட்டத்தைக் கலைங்க. புதுசா ஆரம்பிங்க. என்னை அடிக்கக் கை வராதவங்க இப்பவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இன்னிக்கும் ஒருத்தர் என்னைச் சுத்திப் போனாலும், லேப்டாப்ப மூடி அலமாரில வெச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் நீங்க வந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர மாட்டேன்.”

சொன்னால் செய்வாள் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

“கலைச்சாச்சு,” என்றார் டாக்டர்.

புது ஆட்டத்தில் இரண்டாவது முறையே அவள் டாக்டர்மேல் பாய்ந்தாள். “டாக்டர், உங்க படை உங்க நாற்காலில படுத்த ஆளு மாதிரி. வாயை நல்லாத் திறக்கும். அதுக்கப்புறம் கண்ணை மூடிட்டு விதியேன்னு கிடக்கும்.” மிஸ்ஸும் கொழுந்தனும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். டாக்டரே தூக்கினார். நான்கு பகடை. வடக்குத் துறை அவள் கைக்கு வந்தது.

நான்காவது முறை டாக்டர் திரும்பி வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இத்தனை நாள் ஊசி போட்டு மரத்துப்போன பிறகுதான்க்கா பிடுங்கினேன். இன்னிக்கு ஊசி கிடையாது.”

“ஆகா!” என்றாள் அவள், கட்டைவிரலை உயர்த்தி. வடக்குத் துறை போயிற்று. போனது மட்டுமில்லை, இரண்டு கப்பலும் சேர்ந்து போயிற்று. உண்மையான அடி. அவளுக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது.

மிஸ் கிழக்கிலிருந்து வந்தாள். “அக்கா, முப்பது வருஷமா வரைபடம் பாக்கறேன். உங்க தீவு இந்த இடத்துல இருக்கறதே தப்பு. நான் அழிச்சுட்டுச் சரியா வரையறேன்.” எல்லா விரலும் மேலே. அந்தத் தீவும் போயிற்று.

கொழுந்தன் மட்டும் வரவில்லை. பச்சையின் ஊர்களைப் பிடித்தான். கடலை அளந்தான். ஏழாவது முறையில்தான் பதினோரு படையோடு சங்குத்துறைக்கு எதிரே வந்து நின்றான். கட்டளைகள் திறந்தபோது சிவப்பு அம்பு நேராக அவள் தலைநகரத்தைப் பார்த்தது.

“வா தம்பி,” என்றாள். “சொல்லு வசையை.”

“அண்ணி… மன்னிச்சுக்கங்க. உங்க ஊரை நான் எடுத்துக்கறேன்.”

மூன்று விரலும் கவிழ்ந்தன. “இது வசையா, வாடகைக்கு வீடு கேக்கறதா?” என்றார் டாக்டர். ஒரு பகடை போயிற்று. மூன்றை உருட்டித் தோற்றான். படை பின்வாங்கியது.

எட்டாவது முறை மறுபடி வந்தான். “உங்க படை… ரொம்பச் சின்னது அண்ணி.”

“அது வசை இல்ல, அளவு,” என்றாள் மிஸ். மறுபடி மூன்று விரலும் கீழே. மறுபடி தோற்றான்.

அவனுக்கு வராது என்று அவளுக்குப் புரிந்தது. அவள்மேல் இருந்த மரியாதை ஒன்று. அதைவிட, வசை என்றாலே அவனுக்கு ஒரே ஒரு குரல்தான் ஞாபகம் வந்திருக்கும். அந்தக் குரலைச் சுற்றிக்கொண்டு போகத்தான் இந்தப் பாடு. மார்க்கெட் ஸ்டாப் டிரைவர் மாதிரி.

“உங்க அண்ணனா இருந்தா இப்ப என்ன சொல்லியிருப்பாரு?” என்றாள்.

ஏழு மாதத்தில் அந்த மேசையில் அவரைப்பற்றி விழுந்த முதல் வார்த்தை.

“நான் சொல்லவா?” அவரைப்போலவே மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சிக்கொண்டாள். “‘நீலத்துக் கப்பல்படை அவங்க டிப்போ பஸ் மாதிரிதான். வந்தா நிக்காது, நின்னா கிளம்பாது!’”

முதலில் டாக்டர்தான் உடைந்தார். சிரிப்பா வேறா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. “என்னை என்ன சொன்னாரு தெரியுமா? ‘டாக்டர், உங்க கப்பல் மூழ்கலை. வெக்கத்துல தலையக் குனிஞ்சுக்கிட்டிருக்கு.’ ஒரு வாரம் கிளினிக்ல நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். பேஷன்ட் பயந்துட்டாங்க.”

“என்னை, ‘மிஸ் படைக்கு எல்லாத் திசையும் தெரியும், முன்பக்கம் மட்டும் தெரியாது’ன்னாரு,” என்றாள் மிஸ். “ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன். ஹெட்மாஸ்டர் இன்னும் அதையே சொல்லிக் கேலி பண்றாரு.”

“எனக்குத்தான் தினமும் விழும்,” என்றான் கொழுந்தன். “‘தம்பி படை அவன் லிஃப்ட் மாதிரி. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடும்’னு. கல்யாண வீட்டுல, பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடியே சொன்னாரு!”

ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். எட்டு நிமிடம் போனது யாருக்கும் தெரியவில்லை. ஒன்பதாவது முறைக்கு ஒருவரும் கட்டளை எழுதவில்லை. நான்கு படையும் மரம் மாதிரி நின்றன. பேச்சில் கலந்துகொள்ளாத கணினி ஒன்றுதான் தன் வேலையைப் பார்த்தது. மிச்சமிருந்த ஒரே பச்சைப் படையை வைத்து டாக்டரின் வடக்குத் துறையைப் பிடித்துவிட்டது.

“அடப்பாவி!” என்று அலறினார் டாக்டர். “வசைகூடச் சொல்லாம எடுத்துட்டுப் போகுது பாருங்க!”

அவளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

பத்தாவது முறை. சிவப்பு அம்பு மூன்றாவது தடவையாகச் சங்குத்துறையைப் பார்த்தது. இந்த முறை யாரும் அவனைத் தூண்டவில்லை. அவன் குரல் முதலில் கம்மித்தான் வந்தது. பிறகு கம்மல் போய்விட்டது.

“அண்ணி, எங்கண்ணன் உங்ககிட்ட தோத்துத் தோத்து, இதுக்கு மேல அவமானம் தாங்க முடியாதுன்னு சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டாரு. நான் ரோஷம் கெட்டவன். எத்தனை தடவை தோத்தாலும் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன்.”

அடுப்பின்மேல் கெட்டில் கொதிக்கத் தொடங்கியிருந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. டாக்டரும் மிஸ்ஸும் விரலைத் தூக்கவில்லை, கவிழ்க்கவுமில்லை. அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் அந்த மேசையில் இதைவிட மோசமான வசை யாரும் சொன்னதில்லை. இதைவிட நல்ல வசையும் சொன்னதில்லை. சட்டம் போட்டவரே இதைக் கேட்டிருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மேசையை ஓங்கித் தட்டியிருப்பார்.

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கும் பொத்தானை அழுத்தினாள்.

“உருட்டுடா!” என்றாள். “நாலு பகடை!”

அவனுக்கு ஆறு, ஐந்து, நான்கு, இரண்டு. பதினேழு. அவளுக்கு ஆறு, ஐந்து, மூன்று. பதினான்கு. சங்குத்துறையின் கொடி நீலத்திலிருந்து சிவப்பாக மாறியது.

“அண்ணி, சாரி அண்ணி,” என்றான் உடனே.

“புதுச் சட்டம்,” என்றாள் அவள். “ஜெயிச்சுட்டு சாரி சொன்னா அடுத்த சண்டையில ஒரு பகடை குறையும். எல்லாரும் விரலைத் தூக்குங்க.”

டாக்டர் தூக்கினார். மிஸ் தூக்கினாள். வேறு வழியில்லாமல் அவனும் தூக்கினான்.

அவளிடம் இரண்டு கப்பல் மிச்சம். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு படையையும் அவன் இங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தான். துறைமுகம் இல்லாத அவனுடைய கரையோரச் சொந்த ஊரில் ஈ, காக்கை இல்லை. எட்டு நிமிடம் எதற்கு? ஒரே நிமிடத்தில் எழுதி முடித்தாள்.

பதினோராவது முறை திறந்ததும் சொன்னாள்: “தம்பி, எல்லா வண்டியையும் ரூட்ல அனுப்பிட்டு டிப்போவைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கியே. இந்த லட்சணத்துல உனக்கு ஊரு ஒரு கேடா?”

“அய்யய்யோ,” என்றான் அவன், நிஜமாகவே தலையில் கைவைத்துக்கொண்டு. விரல்கள் எல்லாம் மேலே போயின. காலி ஊர் என்பதால் பகடைகூடத் தேவைப்படவில்லை.

அந்த ஆரவாரத்தில் திரையில் எக்காளம் ஊதியதை யாரும் கவனிக்கவில்லை. யாரும் பார்க்காத கிழக்குப் பக்கத்தில் மிஸ், வசையை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, காலியாகக் கிடந்த நான்காவது துறைமுகத்தைப் பிடித்திருந்தாள்.

“நான் ஜெயிச்சுட்டேன்,” என்றாள் மிஸ், பயந்தபடி. “பரவாயில்லையா?”

“பிழைக்கத் தெரிஞ்ச பொம்பளை,” என்றார் டாக்டர். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. அக்கா, பட்டியலைப் பாருங்க. நீங்க அஞ்சாவது. கம்ப்யூட்டருக்கும் கீழ. வாயே இல்லாத ஒண்ணுகிட்டப் போய்த் தோத்துட்டீங்களே, உங்க வாய்க்கு என்ன மரியாதை?”

அவள் பட்டியலைப் பார்த்தாள். உண்மைதான். ஐந்துபேரில் ஐந்தாவது. ஆறு வருடத்தில் இவ்வளவு கேவலமாகத் தோற்றதில்லை. எழுந்து கெட்டிலை இறக்கி, சர்க்கரை போடாமல் டீயைக் கலக்கிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னொரு ஆட்டம் போடு,” என்றாள்.

“அண்ணி, மணி ஆறாகப் போகுது. காலைல உங்களுக்கு அஞ்சு மணி டூட்டி.”

“டூட்டி போடறவளுக்கே டூட்டி சொல்றியா? போடுடா.”

எட்டு நிமிடம் ஓடத் தொடங்கியது.